வேலை நடைபெறுகிறது

யானை கேட்டிருந்தால் வரைந்திருப்பேன்.
முயல், மயில், முடி வைத்த ராஜா
எதற்கும் ஒரு வழி இருந்தது.
சேவுகன் கேட்டது ஜேசிபி.
ஐந்தாவது பிறந்தநாளுக்கு வீடெல்லாம் ஜேசிபி,
தொப்பி ஜேசிபி, கேக் ஜேசிபி,
அம்மா, நீயும் ஜேசிபி.

காரைக்குடி பேக்கரியில் விலை கேட்டேன்.
மூன்று கிலோவுக்குக் குறைந்தால்
பொம்மை வைக்க மாட்டார்களாம்.
ஸ்கூட்டியைத் திருப்பினேன்.
பெரிய அட்டைப்பெட்டி யார் வீட்டில் கிடக்கும் என்று
பள்ளத்தூர் வரை அதே யோசனை.

உமையாள் வீட்டில் கிடைத்தது,
வாஷிங்மெஷின் வந்த பெட்டி.
பெயின்ட் கடையில் "எந்த மஞ்சள்?" என்றார்.
எலுமிச்சையா, சாமந்தியா, மாம்பழமா?
ஜேசிபி மஞ்சள் என்றேன்.
சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்,
அவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது போல.

இரண்டு ராத்திரி.
கை மடங்கும் இடத்தில் போல்ட்டுக்குப் பதில் சட்டைப் பித்தான்.
மண் அள்ள ஐஸ்கிரீம் டப்பா.
சக்கரத்துக்குச் சுளகு இரண்டு.
ஷிப்ட் முடிந்து வந்த மாணிக்கம்
விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு
"இது வாசல் வழியா வெளிய போகுமா?" என்றான்.
போகாது.
நாலு விரல் அகலம் கூடுதல்.

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு அழைப்பிதழ் செலவில்லை:
மெதுவாகச் செல்லவும். வேலை நடைபெறுகிறது.
ஞாயிறு மாலை ஐந்து மணி.
தலைக்கவசம் தரப்படும்.
(சந்தையில் வாங்கிய மஞ்சள் கிண்ணம்,
ஒன்று பதினைந்து ரூபாய், எலாஸ்டிக் என் கைவேலை.)

கேக்குக்குத்தான் தூக்கம் போனது.
கடைசியில் கவுனி அரிசியை ஊறப்போட்டேன்.
கறுத்துச் சிவந்து வெந்து,
சர்க்கரையும் நெய்யும் இறங்கி,
தாம்பாளத்தில் கவிழ்த்தால்
அச்சு அசல் தோண்டிப் போட்ட மண்.
முந்திரிதான் ஜல்லி.
தேங்காய்ப்பூ சிமென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பேரிலேயே பள்ளம் உள்ள ஊரில்
தோண்டாமல் என்ன செய்வது?

ஐந்து மணிக்குப் பதினோரு மஞ்சள் தலைகள்.
ரிஸ்வான் கிண்ணத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
"கேக் எங்கே ஆன்ட்டி?" என்றான்.
மண்ணுக்கு அடியில் என்று சமாளித்தேன்.
மெழுகுவத்தி கவுனியில் நிற்க மாட்டேனென்று சாய,
நிமிர்த்தப் பிடித்த விரலில் சூடு ஏற,
ஊதக் குனிந்தான் சேவுகன்.
கன்னம் உப்பியது.

முதலில் தரைக்குக் கேட்டது.
பிறகு எங்களுக்கு.

மூன்று மாதமாய் உடைந்து ஒழுகும் குடிநீர்க் குழாய்.
மனு எழுதியது நான், நகல் எடுத்தது நான்,
கையெழுத்துக்கு வீடு வீடாய் ஏறியது நான்.
அதற்கு இன்று,
இந்த ஞாயிற்றுக்கிழமை,
ஐந்தேகால் மணிக்கு அனுப்பியிருக்கிறார்கள்
நிஜமான ஒன்றை.

பதினோரு தலையும் தெருவில்.
எரியும் மெழுகுவத்தி, நான், அட்டை வண்டி
மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வேறென்ன, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு
நானும் போனேன்.
ஓட்டுகிறவர் இறங்கிவந்து
கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்து
முதல் கரண்டி வாங்கிக்கொண்டார்.
தம்பிக்கு எத்தனை வயசு?
சேவுகனுக்குப் பேச்சு வரவில்லை, விரல் வந்தது.
அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து
அந்தப் பெரிய இரும்புக் கையை
ஐந்து முறை வானத்துக்குத் தூக்கி இறக்கினார்.
மெழுகுவத்தியை எந்தக் காற்று அணைத்ததோ,
யாரும் பார்க்கவில்லை.

எல்லோரும் போனபின்
ஹாலில் நின்றதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
"இது ரொம்பச் சுத்தமா இருக்கும்மா."
அதன் கண்ணாடியில் விரிசல் இருந்ததாம்.
எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கினவாம்.
இது வேலைக்கே போகாத ஜேசிபியாம்.
நான் வாய் திறப்பதற்குள் ஓடிப்போய்
பள்ளத்து ஈரமண்ணை இரண்டு கையிலும் அள்ளிவந்து
என் இரண்டு ராத்திரி மஞ்சளில் அப்பினான்.
தள்ளி நின்று பார்த்தான்.
இன்னும் கொஞ்சம் அப்பினான்.

ஊசியில் நூலைக் கோத்தேன்.
எலுமிச்சம்பழம் இருந்தது.
மிளகாய் ஏழு வேண்டுமாம்,
நாலுதான் இருக்கிறது.